காது டாக்டரா, ஆடியாலஜிஸ்டா?

காது சரியாகக் கேட்கவில்லை என்றால் யாரிடம் போவது? சீழ், வலி, தலைச்சுற்றல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். திடீரென ஒரு காது கேட்காமல் போனாலும் அவரிடமே, அதுவும் உடனே. நாள் தள்ளினால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், அறுவை சிகிச்சை செய்பவர் அல்ல. அவர் வேலை அளப்பதில் தொடங்குகிறது. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை (தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை), ஒவ்வொரு ஒலியும் எத்தனை டெசிபல் சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று வரைபடத்தில் குறிப்பார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து மறுபடி. எலும்பு வழி நன்றாகக் கேட்டு, ஹெட்போனில், அதாவது காற்று வழி, மந்தமானால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. இரண்டும் ஒன்றுபோல் குறைந்தால் உட்காதிலோ நரம்பிலோ. மருத்துவரே இந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குவார்.

வயதால் மெல்லக் குறையும் செவிக்கு என் ஓட்டு ஆடியாலஜிஸ்டுக்கே. காது மெஷினை மாட்டிவிடுவது எளிது. தட்டுச் சத்தம் குத்துகிறது, கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்று திரும்பத் திரும்ப வருகிறவரோடு பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்வதுதான் உழைப்பு. (அது நடக்காத மெஷின் அலமாரியில் தூங்கும்.)