‘எர்த்தை வெட்டிவிடுங்கள்’ என்று சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் வியாபாரி

டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு எனும் கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் பழைய பாணி கிட்டார் ஆம்ப்ளிஃபையரை வீட்டிலேயே கட்ட நினைத்து, அதற்கான டிரான்ஸ்ஃபார்மர்களையும் வால்வுகளையும் தொலைபேசியில் பேசியே வாங்க முற்படும் எவரும், குறிப்பாகக் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லைக்கு அப்பால் சரக்கு எடுப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நட்டம் 8,500 ரூபாய். அதைவிட, பழுதான பொருளை விற்றவர் அந்தப் பழுதை மறைப்பதற்காக உயிருக்கே உலை வைக்கும் ஒரு யோசனையையும் சேர்த்துச் சொன்னார் என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

நான் கட்ட எடுத்துக்கொண்டது, ஃபெண்டர் நிறுவனம் 1950களின் இறுதியில் வெளியிட்ட சாம்ப் 5எஃப்1 என்ற சிறிய ஆம்ப்ளிஃபையரின் சுற்று. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, மின்சாரத்தை ஒருதிசையாக்க ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள். ஏறத்தாழ 5 வாட் ஒலி. 8 அங்குல ஸ்பீக்கர். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் எங்கும் கிடைக்கும். ஆனால் உயர் மின்னழுத்தம் தரும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் அளவு சொல்லிச் சுற்றித்தான் வாங்க வேண்டும் என்பதால், அவ்விரண்டிலும் விற்பவரின் நேர்மையை நம்பியே நாம் இருக்கிறோம்.

வியாபாரி பழைய ரேடியோ உதிரிபாகம் விற்பவர். பேச்சு தேன்போல் இருந்தது. பில் கேட்டபோது, கேரளத்துக்குப் பில் போட்டால் இரண்டு மாநில வரியும் என் தலையில் விழும் என்றும், செக்போஸ்ட்டில் பார்சல் மாட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். இரண்டுமே பொய். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் கடக்கும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரிதான். வாளையாறு போன்ற இடங்களில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டன. இதை நான் எடுத்துச் சொன்னதும் “பில்லைப் பார்சலோடு வைத்து அனுப்புகிறேன் சார்” என்றார். பார்சலில் பில் இல்லை.

பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சேசிஸில், அதாவது ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தில் பொருத்தி, வால்வு எதையும் செருகாமல், சீரிஸ் லேம்ப் (மின்சாரத்தை மட்டுப்படுத்த இடையில் இணைக்கும் பல்பு) வழியாக மின்சாரம் கொடுத்த உடனே, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு இ.எல்.சி.பி. விழுந்துவிட்டது. வெளியீட்டுப் பக்கக் கம்பிகள் அத்தனையையும் பிரித்துத் தனித்தனியே டேப் சுற்றி, 230 வோல்ட் வரும் இரண்டு கம்பிகளையும் சேசிஸில் முறுக்கிய எர்த்தையும் மட்டும் விட்டுவைத்தபோதும் அது விழுந்தது. மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகட்டுக்குக் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அவரை அழைத்துச் சொன்னேன். “வால்வு செட் என்றால் அப்படித்தான் சார், எர்த்தை வெட்டிவிடுங்கள், ஹம் இரைச்சலும் போய்விடும், இ.எல்.சி.பி.யும் விழாது” என்றார்.

அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்டார் வாசிப்பவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் இரும்புத் தந்திகள் ஜாக்கின் தரைக்கம்பி வழியாக ஆம்ப்ளிஃபையரின் சேசிஸோடு நேரடியாக இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத சேசிஸுக்கு வீட்டு மின்சாரம் கசிந்தால், அது தந்திகளில் வந்து நிற்கும். இடது கை தந்தியில் இருக்க, எர்த் உள்ள மைக்கை உதடு தொட்டால் அந்த மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு பின் பிளக்கோடு வந்த பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபையர்களில் இப்படிப்பட்ட ஆபத்து இருந்ததால்தான், இன்று அவற்றைப் பழுது பார்ப்பவர்கள் முதல் வேலையாக மூன்று பின் கம்பியை மாற்றுகிறார்கள்.

ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுபோனேன். அவர், கம்பியின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையைச் சுற்றுக் கம்பியிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்துக் கைப்பிடியைச் சுழற்ற, முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. புதிதாகச் சுற்றியது என்றால் பல நூறு மெகா ஓம் காட்டியிருக்க வேண்டும். என்னிடம் கேட்டுவிட்டு மேல்தாளைக் கிழித்துக் காட்டினார். உள்ளே இருந்த பாபின், அதாவது கம்பி சுற்றும் கூடு, ஏற்கெனவே எரிந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மருடையது. அதன் ஒரு மூலை கருகி உடைந்திருக்க, எனாமல் கம்பி தகட்டின் விளிம்பிலேயே உரசிக் கிடந்தது. புதுப் பெயின்டும் புது லேபிளும் அதன்மேல்.

அதன்பின் மற்றவற்றையும் நம்ப மனம் வரவில்லை. 6வி6 ஒன்றே தனியாக இயங்கும் இந்தச் சுற்றில், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 40 மில்லி ஆம்பியரை ஒட்டிய ஒருதிசை மின்சாரம் இடைவிடாமல் ஓடும். அதனால் இரும்பு காந்தத்தால் நிறைந்து முடங்கிவிடாமல் இருக்க, ‘ஈ’ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கமும் ‘ஐ’ வடிவத் தகடுகள் எல்லாம் எதிர்ப்பக்கமுமாக அடுக்கி, நடுவே மெல்லிய தாள் வைத்து இடைவெளி விட வேண்டும். எனக்கு வந்ததில் கவரைக் கழற்றிப் பார்த்தபோது, தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி மாற்றிச் செருகப்பட்டிருந்தன; பேட்டரிக்குப் பதில் வைக்கும் சாதாரண எலிமினேட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் அடுக்கு அது. வால்வு பக்கத்துப் பெரிய கம்பிச் சுற்றுக்கு 12 வோல்ட் ஏ.சி. கொடுத்து ஸ்பீக்கர் பக்கம் அளந்தேன். நான் கேட்டபடி வால்வு பக்கம் 5,000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 4 ஓம் என்றால் ஏறத்தாழ 0.34 வோல்ட் வர வேண்டும், வந்தது 0.48. கணக்குப் போட்டால் 2,500 ஓம்தான் வருகிறது, அதாவது கேட்டதில் பாதி. 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக இறக்கும் கடைச் சரக்குக்கும் விகிதம் ஏறத்தாழ இதுவே. இந்தச் சோதனைக்கு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் மல்டிமீட்டரும் போதும். ஆனால் 12 வோல்ட்டை மறந்தும் ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துவிடாதீர்கள், மறுபக்கம் முந்நூறு, நானூறு வோல்ட் எழும்பும்.

12ஏஎக்ஸ்7 இடத்துக்கு ‘முல்லார்ட் இசிசி83’ என்று பளிச்சென்ற வெள்ளை எழுத்தில் அச்சிட்ட வால்வு வந்தது (இசிசி83 என்பது அதே வால்வின் ஐரோப்பியப் பெயர்). இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த உண்மையான முல்லார்ட் வால்வுகளில், கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் தேதிக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். இதில் அப்படி எதுவுமில்லை. பின்களில் சாக்கெட் உரசிய தடங்கள் மட்டும் இருந்தன. புத்தம் புதியது என்ற விலை வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியது இது.

படங்களையும் அளவுகளையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வயரிங் தப்பு என்று ஒரு வரி பதில் வந்தது. அத்தோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். விற்பவர் வேறு மாநிலத்தவர் என்பதைக் கேட்ட சிலர், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அது சரியன்று. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் யுபிஐ சான்று, கூரியர் சீட்டு, அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றை இணைத்துப் பாலக்காட்டு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

இதேபோல் ‘எர்த்தை வெட்டுங்கள்’ என்ற பேச்சைக் கேட்டு வெட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபையரை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள் இன்றே அதைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே கை வைக்குமுன் கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். அணைத்த பிறகும் அவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அருகில் மோட்டார் காயில் கட்டும் கடை எது இருந்தாலும் அங்கே மெக்கர் இருக்கும். அளந்து பார்க்காமல் மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டாம்.