உணவகத்தில் உட்காருவதா, வாங்கிச் செல்வதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நடுவே தோண்டிய கால் ரொட்டியில் கறி நிரப்பித் தரும் பன்னி சௌவை உணவகத்தில் அமர்ந்து உண்பதற்கும், பொட்டலமாக வாங்கிக்கொண்டு குளிர்பானத்தைப் பக்கத்துக் கடையில் எடுப்பதற்கும் உள்ள விலை வேறுபாடு பெரும்பாலும் பானத்தில்தான் இருக்கிறது. அதற்கு வரிதான் காரணம் என்று தோன்றலாம். 2018 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடானதும், இனிப்புப் பானங்களுக்குச் சர்க்கரை வரி புகுந்ததும் உண்மையே. ஆயினும் 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2019 முதல் 2.21 சென்ட் (நூறு சென்ட் ஒரு ராண்டு) என்றிருக்கும் அந்தச் சர்க்கரை வரி, உற்பத்தியாளரிடமே வசூலிக்கப்படுகிறது. 330 மில்லிலிட்டர் கோலா டின்னுக்கு ஏறக்குறைய அரை ராண்டுதான், அதுவும் இரண்டு இடத்திலும் ஒன்றே. உணவகப் பட்டியலில் அதற்கு மேல் ஏறி நிற்பது மேசைக்கும் பரிமாறுதலுக்குமான கூலி. டிப்ஸ் வேறு தனி. குழம்பு ஊறிய ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்பவருக்கு மேசை எதற்கு என்பதால் நான் பொட்டலத்தின் பக்கமே. வயதானவர்களை அழைத்துச் செல்லும் நாளில் மட்டும் அந்தக் கூலி தகும்.