எச்ஏ, எச்எம்ஓ போட்ட பால் பவுடர் டின் - பாலுக்கு நாலு ஸ்டார், மேல எழுதியிருக்கிறதுக்கு ஒண்ணு

ப்ராண்ட் பேரு போடல. போட்டா என்னமோ அந்த ஒரு கம்பெனி மட்டும்தான் இப்படின்னு ஆயிடும், வெளிநாட்டு டின் முக்காவாசி இதே பாட்டுதான் பாடுது. இது கொழுந்தனார் துபாய்ல இருந்து கொண்டு வந்தது. நம்ம நாட்டுல 1992 சட்டப்படி, அத 2003ல இன்னும் இறுக்கினாங்க, ரெண்டு வயசு வரைக்குமான பால் பவுடருக்கு விளம்பரமே பண்ணக்கூடாது, டின்ல குழந்தை படம் போடக்கூடாது, தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு எழுதியே ஆகணும். அங்கேர்ந்து வந்த டின்ல ஒரு கேடயம், நடுவுல தங்க எழுத்துல எச்ஏ (அலர்ஜி தராதுன்னு சொல்றதுக்கு), கீழ 2-எஃப்எல் எச்எம்ஓ (தாய்ப்பால்ல இருக்கிற ஒரு வகை சர்க்கரை), இம்யூனிட்டின்னு ஒரு வார்த்தை, அது பக்கத்துல குட்டியா ஒரு நட்சத்திரக்குறி. அந்த குறிக்கான விளக்கம் டின் பின்னாடி அடியில, எறும்பு சைஸ் எழுத்துல.

முதல்ல பாலா எப்படின்னு சொல்லிடுறேன். பவுடர் நைசா இருக்கு, கட்டி தட்டாம கரையுது, நுரை மட்டும் ஜாஸ்தி, கலக்கிட்டு கொஞ்ச நேரம் விட்டாதான் அடங்குது. குடிச்சு பாத்தா கடைசியில நாக்குல ஒரு லேசான கசப்பு நிக்கும், பசும்பால் புரோட்டீன துண்டு துண்டா வெட்டுறதால வர்ற கசப்பு அது. பாப்பா மொதல்ல மூஞ்சிய சுளிச்சா, அப்புறம் பழகிட்டா. ஆய் பச்சையா போகும், இந்த மாதிரி பவுடர்ல அது சகஜம், பயந்து ராத்திரியில டாக்டருக்கு போன் போடாதீங்க. எடை ஏறுது, மலச்சிக்கல் இல்ல. நான் வேலைக்கு திரும்பினதுக்கு அப்புறம் பம்ப் பண்ணி வச்சது பத்தாத நேரத்துக்கு மட்டும் இது, அந்த வேலைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு, பவுடர் எதுவுமே கிருமி இல்லாதது கிடையாது, டபிள்யூஎச்ஓ 70 டிகிரிக்கு குறையாத தண்ணியில கலந்து ஆற வச்சு குடுக்க சொல்லுது, வெதுவெதுப்பான தண்ணியில கலக்கிறது நிறைய வீட்ல பழக்கமா இருக்கு, அத மாத்திக்கோங்க.

இப்ப அந்த தங்க எழுத்துக்கு வரேன். எச்ஏன்னா ஹைப்போஅலர்ஜெனிக். புரோட்டீன சின்னதா வெட்டிட்டா குழந்தை உடம்பு அத எதிரின்னு நினைக்காது, அலர்ஜி வராதுங்கிறது ஐடியா. கேக்க நல்லாத்தான் இருக்கு. அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கமே 2008ல கொஞ்சம் பலன் இருக்கலாம்னு சொல்லியிருந்தாங்க, 2019ல அவங்களே ஆதாரம் போதாதுன்னு மாத்தி எழுதிட்டாங்க. குடும்பத்துல அலர்ஜி உள்ள குழந்தைக்கும் அதே பதில்தான். டின்னுக்கு அந்த செய்தி இன்னும் போய் சேரல போல.

எச்எம்ஓ கொஞ்சம் சுவாரஸ்யமான கதை. தாய்ப்பால்ல லாக்டோஸ், கொழுப்பு ரெண்டுக்கும் அடுத்து அதிகமா இருக்கிறது இந்த சர்க்கரைங்கதான், லிட்டருக்கு 5ல இருந்து 15 கிராம், சீம்பால்ல அதுக்கும் மேல, ஆனா குழந்தையால இத ஜீரணிக்க முடியாது! இது போய் சேர்றது குடல்ல இருக்கிற பிஃபிடோ பாக்டீரியாவுக்கு, அதுங்க தின்னு பெருகி இடத்த பிடிச்சுக்கும், கெட்டதுக்கு இடம் இருக்காது. சில கிருமி குடல் சுவத்துல ஒட்ட வேண்டியது இந்த சர்க்கரையில ஒட்டிக்கிட்டு ஆயோட வெளிய போயிடும். சரி, டின்ல எத்தன வகை? ஒண்ணு. அந்த 2-எஃப்எல்தான், ஃபேக்டரி டாங்க்ல பாக்டீரியாவ வச்சு செய்யறாங்க, செஞ்சது நல்ல சரக்குதான், தப்பு சொல்லல. தாய்ப்பால்ல 150 வகைக்கு மேல இருக்கு. இதுல கூத்து என்னன்னா அஞ்சு அம்மாவுல சுமார் ஒருத்தருக்கு ஜீன் அமைப்பால பால்ல இந்த 2-எஃப்எல் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, அவங்க புள்ளைங்களும் நல்லாத்தான் வளருதுங்க. அந்த ஒண்ணுக்காக சாதா டின்ன விட இவ்ளோ கூட விலையான்னு எனக்கு மனசு ஆறல.

டின்ல வரவே முடியாத ஒண்ணு இருக்கு, ஐஜிஏ, கிருமிய எதிர்க்க உடம்பு செய்யற ஒரு புரோட்டீன். என் மாமியாருக்கு சளி பிடிச்சா அடுத்து எனக்குத்தான், அந்த கிருமிய என் குடல்லயோ மூச்சுக்குழாய்லயோ பாத்த செல்லுங்க ரத்தம் வழியா மார்புக்கு வந்து உக்காந்து அதே கிருமிக்கான ஐஜிஏவ செஞ்சு பால்ல இறக்குதுங்க, அது பாப்பா தொண்டையிலயும் குடல்லயும் பூச்சு மாதிரி நின்னு கிருமிய உள்ள விடாம பாத்துக்குது. ஐரோப்பாவுல எங்கயோ இருக்கிற ஃபேக்டரிக்கு எங்க மாமியார் சளி எப்படிங்க தெரியும்? சீம்பால்ல இது ரொம்ப கெட்டியா இருக்கும், கூடவே லாக்டோஃபெரின்னு இன்னொரு புரோட்டீன், கிருமிக்கு கிடைக்க வேண்டிய இரும்புச்சத்த அது பிடிச்சு வச்சுக்கும். இந்த சீம்பால பீச்சி கீழ விட்டுட்டு சேனை வைக்கிற வீடு இன்னும் இருக்கு, அத நினைச்சாதான் வயித்தெரிச்சல்.

அதுக்காக தாய்ப்பால் குடுத்தா அலர்ஜியே வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன், அப்படி சொன்னா டின்காரன் பண்றதத்தான் நானும் பண்றேன். பெலாரஸ்ல 1996, 97ல பிறந்த 17,000 குழந்தைங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. தாய்ப்பாலுக்கு நல்லா உதவி பண்ணின ஆஸ்பத்திரி குழந்தைங்களுக்கு முதல் வருஷம் வயித்துப்போக்கும் கரப்பானும் (எக்ஸிமான்னு சொல்ற தோல் அரிப்பு) குறைஞ்சுது, ஆறரை வயசுல பாத்தா ஆஸ்துமா, அலர்ஜில வித்தியாசம் இல்ல. ஆக தொற்றுக்கு தாய்ப்பால் கெட்டியான காவல், அலர்ஜிக்கு அவ்ளோ உறுதியா சொல்ல முடியாது. அம்மா வேர்க்கடலை, முட்டை சாப்பிடாம பத்தியம் இருந்தா புள்ளைக்கு கரப்பான் வராதுங்கிறதும் நிக்கல, நம்ம வீட்ல பெரியவங்க கேக்க மாட்டாங்கன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

அலர்ஜி தடுக்கிறதுல நிஜமாவே பெரிய வித்தியாசம் காட்டினது சாதாரண வேர்க்கடலை. 2015ல வந்த லண்டன் ஆய்வு, கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைங்க, 4ல இருந்து 11 மாசத்துக்குள்ள கடலைய ஆரம்பிச்சு தொடர்ந்து குடுத்தவங்களுக்கு அஞ்சு வயசுல கடலை அலர்ஜி 80 சதவீதம் போல குறைவு. முழு கடலை தொண்டைல சிக்கிக்கும், அரைச்சு கூழாத்தான் குடுக்கணும், கரப்பான் மோசமா இருந்தா டாக்டர கேட்டுட்டு. இந்த டின் விலைக்கு நம்ம மளிகை கடைல எத்தன கிலோ கடலை வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

பால் பத்தல, வேற வழியில்லன்னா குற்ற உணர்ச்சி இல்லாம பவுடர் வாங்குங்க, ஆனா டாக்டர் சொல்ற சாதா டின்னே போதும். கேடயத்துக்கு தனியா காசு வேணாம். இன்னொரு முக்கியமான விஷயம், பசும்பால் அலர்ஜின்னு ஏற்கனவே டாக்டர் சொல்லிட்ட குழந்தைக்கு எச்ஏ எழுத்த பாத்து இத குடுத்துடாதீங்க. இதுல புரோட்டீன் பாதிதான் வெட்டியிருக்கு, அந்த குழந்தைங்களுக்கு முழுசா வெட்டின வேற பவுடர் இருக்கு, அத டாக்டர்தான் எழுதி தரணும்.