வெனிஸில் ஓர் இரவு, பதுவாவில் இரண்டு இரவு

ஐரோப்பாவில் 'பெயர்தான் பெரிசு' என்று அதிகம் திட்டு வாங்கும் ஊர் வெனிஸ். திட்டில் பாதி நியாயம். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, ரயில் நிலையத்திலிருந்து ரியால்டோ பாலம் வழியாகச் சான் மார்கோ சதுக்கம் போகும் சந்துகளில் தோள் உரசாமல் நகர முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடும். இருட்டிய பிறகு அதே சந்துகளில் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். வெனிஸில் முதலில் பார்க்க வேண்டியவை தெருவும் வாய்க்காலும்தான். அவற்றுக்குச் சீட்டு கிடையாது, சரியான நேரம்தான் வேண்டும்.

அதனால் வெனிஸைப் பார்க்கும் வழிகளிலேயே மோசமானது, செலவைக் குறைக்க மெஸ்த்ரேயில் தங்கிப் பகலில் மட்டும் உள்ளே போய்வருவது. மெஸ்த்ரே வெனிஸ் தீவில் இல்லை, கரையில் இருக்கிறது. ரயிலில் பத்து நிமிடம். 'வெனிஸ் ஓட்டல்' என்று பதிவு செய்துவிட்டு மெஸ்த்ரேயில் போய் இறங்குகிறவர்கள் ஏராளம். ரயில் சீட்டில் 'வெனிஸியா சாந்தா லூச்சியா' என்று இருந்தால்தான் தீவுக்குள் போகும்.

தீவுக்குள் தங்கினால் பெட்டியைப் பற்றி முதலிலேயே யோசியுங்கள். ஏறத்தாழ 400 பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிதான். 20 கிலோ சக்கரப் பெட்டியோடு நான்கு பாலம் தாண்டும் ஓட்டலைப் பிடித்தால் விடுமுறை அங்கேயே கசந்துவிடும். நிலையத்துக்கோ, 'வாப்பொரெத்தோ' என்னும் பொதுப் படகு நிற்கும் துறைக்கோ பக்கத்தில் அறை எடுங்கள். படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணிநேரச் சீட்டு 25 யூரோ. ஒரே நாளில் மூன்று முறை ஏறினாலே இரண்டாவதுதான் லாபம். கொண்டோலா என்னும் துடுப்புப் படகுச் சவாரிக்கு நகராட்சி வைத்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. அது படகு ஒன்றுக்கு, ஆளுக்கு அல்ல.

பகலில் வந்துபோவோருக்கு வெனிஸில் நுழைவுக் கட்டணம் 2024இல் வந்தது. 2025இல் 54 நாட்களுக்கு விதித்தார்கள்: நான்கு நாள் முன்பே கட்டினால் 5 யூரோ, தாமதித்தால் 10. காலை 8.30 முதல் மாலை 4 வரைதான் கணக்கு. தீவில் இரவு தங்குவோருக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் விலக்குக் குறியீட்டை இணையத்தில் பதிந்து வாங்கி வைத்திருக்க வேண்டும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிளம்பும் முன் பட்டியலைப் பாருங்கள்.

இனி வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பதுவா. ரயில் பலகையில் 'பாதொவா' என்று இருக்கும். வேக ரயிலில் வெனிஸிலிருந்து அரை மணிக்கும் குறைவு, சாதாரண வட்டார ரயிலில் ஐம்பது நிமிடம் வரை. வட்டார ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வேலைநிறுத்த நாளாக அமைந்துவிட்டால், வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதியாக ஓடும் ரயில்கள் உண்டு.

பதுவாவுக்குப் போக ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம் ஒன்றே போதிய காரணம். ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள் நான்கு பக்கமும், மேலே நீலக் கூரை. ஒரு சுற்றுக்கு சுமார் 25 பேர்தான். ஓவியத்தில் ஈரம் ஏறாமலிருக்க முதலில் கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைத்து, பிறகு உள்ளே 15 நிமிடம் விடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பதிந்த நேரத்துக்குப் பிந்தினால் கதவு திறக்காது. வெனிஸிலிருந்து அதே காலையில் வருவதென்றால் ஒரு ரயில் முன்னதாகவே வாருங்கள்.

மீதியை நடந்தே பார்க்கலாம். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கலிலியோ 1592 முதல் 1610 வரை பாடம் நடத்தியது இங்கேதான். 1545இல் போட்ட தாவரவியல் தோட்டம் அதே இடத்தில் இன்றும் இருக்கிறது. நம்மூர்க் கத்தோலிக்கருக்கு இந்த ஊர் முன்பே தெரியும்: கோடி அற்புதர் பதுவை அந்தோணியாரின் கல்லறை இங்குள்ள பேராலயத்தில்தான். நுழைவு இலவசம், தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். குறையும் சொல்ல வேண்டும்: நிலையத்தைச் சுற்றிய பகுதி களையற்றது, ஜூலை ஆகஸ்டில் புழுக்கமும் கொசுவும் வாட்டும்.

என் கணக்கில் வெனிஸில் ஓர் இரவு, பதுவாவில் இரண்டு. வெனிஸ் இரவுக்குப் பணம் கட்டுப்படியாகாதென்றால் பதுவாவிலேயே தங்கி, நான்கு மணிக்கு மேல் வெனிஸில் இறங்கி, கடைசி ரயிலுக்கு முன் திரும்புங்கள். நுழைவுக் கட்டணமும் மிச்சம்.

பெயர்பெற்ற ஊரோடு பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கும் இந்தக் கணக்குக்குப் பெல்ஜியத்தில் இவ்வளவு யோசனை தேவையில்லை. புரூஜும் கென்ட்டும் ஒரே ரயில் பாதையில், அரை மணிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கின்றன. கென்ட்டில் தங்குங்கள். வான் ஐக் சகோதரர்களின் 1432ஆம் ஆண்டுப் பலிபீட ஓவியம் அங்கே. அதன் ஒரு பலகை 1934இல் திருடுபோய் இன்றுவரை கிடைக்கவில்லை. மாணவர் ஊர் என்பதால் இரவிலும் உயிரோடு இருக்கும். 2009இலேயே வியாழக்கிழமைகளைச் சைவ நாளாக அறிவித்த ஊர், ஆகவே சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். பெரிய நிலையம் நடுவூரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல், டிராம் பிடியுங்கள். புரூஜுக்கு ஒரு மாலை போதும்.

செக் தலைநகர் பிராக்கையும் மிகைப்படுத்தப்பட்ட ஊர் என்பார்கள், அந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. மிகைப்படுத்தப்பட்டது அந்த ஊர் அல்ல, வானியல் கடிகாரத்தின் அடியில் மணிக்கு மணி காத்து நிற்பதுதான். கடிகாரப் பொம்மைகள் ஒரு நிமிடத்துக்குள் வந்து போய்விடும். அங்கே பணம் மாற்றி ஏமாந்தால், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது, ரசீதை எறியாதீர்கள். பிராக்கிலிருந்து ஒலொமோட்ஸ் என்னும் ஊர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 35 மீட்டர் திரித்துவத் தூண் அங்கே. வானியல் கடிகாரமும் உண்டு, போரில் உடைந்ததை 1955இல் புனிதர்களுக்குப் பதில் தொழிலாளர் உருவங்களோடு கட்டினார்கள். அந்தப் பாதையில் பல நிறுவனங்கள் ரயில் விடுகின்றன, ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது.

ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையோடு 12.5 சதவீதச் சுற்றுலா வரியும் சேரும். அரை மணிக்கும் குறைவான ரயில் தூரத்தில் உட்ரெக்ட். அங்கே வாய்க்காலின் தண்ணீர் மட்டத்திலேயே பழைய கிடங்குகள் உணவகங்களாக நடக்கின்றன. அங்கே தங்கி, அருங்காட்சியகங்களுக்கு மட்டும் ஆம்ஸ்டர்டாம் போகலாம். ஆன் ஃபிராங்க் இல்லச் சீட்டு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய தேதிகளுக்குத் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். அதைக் கைப்பற்றிய பிறகு மற்ற தேதிகளை முடிவு செய்யுங்கள்.