அரை மாதச் சம்பளத்துக்கு ஒரே ஒரு முகக்கவசம்: தயவுசெய்து படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்

மூன்று நாளாகத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். போனது அரை மாதச் சம்பளம். வந்தது ஒரு முகக்கவசம். பெட்டியாகக்கூட இல்லை, ஒன்றே ஒன்று. நீல நிறம், ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற வகை.

நான் காசு கட்டியது நாற்காலிக்கு.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டாலும் பயனில்லை, அடுத்த வாரம் வேறு பெயரில் வருவார்கள். சமூக ஊடகத்தில் ஓடும் விளம்பரத்தைத் தொட்டால் திறக்குமே, அந்த மாதிரி இணையக் கடை. அலுவலக நாற்காலியும் மேசையும் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்கிறது.

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த வாரத்தில்தான் எங்களை மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டே வாரம் என்றார்கள். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை, நான் இன்றும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். இடையில் வாங்கிய மலிவு நாற்காலியின் கால் போன மாதம் முறிந்தது. முதுகு அதற்கு முன்பே போய்விட்டது.

முன்பெல்லாம் நாற்காலி வாங்குவதென்றால் உட்கார்ந்து பார்ப்போம். சாய்வோம், ஆட்டுவோம், கைப்பிடியைத் திருகுவோம். கூட வந்த தோழி "இது வேண்டாம்டி, ஆடுது" என்பாள். முன்பின் தெரியாத ஒருவர்கூட "போன வருஷம் இதைத்தான் வாங்கினேன், ஆறு மாதத்தில் பிய்ந்துவிட்டது" என்று காதில் போட்டுவிட்டுப் போவார். கடைக்குப் போவதில் பாதி அந்த வேலைதான், நாலு பேர் வாயைக் கேட்பது. பெருந்தொற்று அதைத்தான் முதலில் பிடுங்கியது. இரண்டு மீட்டர் தள்ளி நில், எதையும் தொடாதே, எடுத்ததை வைக்காதே, தனியாக வா, சீக்கிரம் போ. அப்புறம் கடைக்குப் போவதே நின்றது. பொருளைத் தொடாமல், விற்பவரைப் பார்க்காமல், முன்பணம் கட்டி, வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வது இயல்பாகிவிட்டது. அன்று அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததென்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. என் பழக்கம் மட்டும் முடியவில்லை.

சரி, நான் மாட்டிய இடத்துக்கு வருகிறேன்.

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. அரை மாதச் சம்பளம் என்பது கண்ணை மூடிக்கொண்டு தூக்கிக் கொடுக்கிற தொகையா? கடையின் அரட்டைப் பெட்டியில் "நாற்காலியை நேரில் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். அவர்களே வீடியோ அழைப்பில் வந்தார்கள். பேசியவருக்கு முப்பது வயது இருக்கும், மரியாதையான குரல். கிடங்கு மாதிரி ஓர் இடம், நடுவில் அதே நாற்காலி. சாய்த்துக் காட்டினார், உயர்த்திக் காட்டினார். "உங்க முதுகு இனிமே எங்க பொறுப்பு மேடம்" என்றார். அப்போது பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. அவர் சங்கடமாகச் சிரித்து, "மன்னிச்சுக்கோங்க மேடம், வீட்டிலேயே கிடங்கு" என்றார்.

அந்த அழுகையில்தான் விழுந்தேன். எத்தனை கூட்டங்களில் யார் யார் வீட்டுக் குழந்தைகள் அழுது கேட்டிருப்போம்! மேலதிகாரியின் நாய் குரைத்த நாளிலிருந்துதான் அவரை மனிதராகப் பார்க்கவே தொடங்கினேன். திரைக்குப் பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டால் அந்த ஆள் உண்மையானவர் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. அது பதிவுசெய்து ஓடவிட்ட அழுகையோ என்று இப்போது யோசிக்கிறேன். நிஜக் குழந்தையாகவே இருந்தாலும் என்ன, அதற்குப் பால் வாங்கியது என் அரை மாதச் சம்பளத்தில்.

கார்டில் கட்டினால் முழு விலை, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார். அனுப்பினேன்.

பதினோராம் நாள், "உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. யாரும் கதவைத் தட்டவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. பெருந்தொற்றின் தொடக்கத்தில் பெரிய கூரியர் நிறுவனங்களே கையெழுத்தை நிறுத்தி வைத்தன, அதனால் எனக்கு அது விநோதமாகவே படவில்லை. வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. நாற்காலி பின்னால் வரும், இது திருகாணிப் பொட்டலமாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன், இரண்டு நாள்.

ஏன் இரண்டு நாள் என்று கேட்பீர்கள். இதுவும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். வைரஸ் அட்டையில் 24 மணி நேரம், பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை இருக்கும் என்று 2020 மார்ச்சில் ஆய்வக முடிவு வந்ததே, அன்றிலிருந்து வருவதையெல்லாம் ஓரமாகக் கிடத்திப் பழகிவிட்டேன். பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னதையும் படித்தவள்தான். மூளை மாறியது, கை மாறவில்லை. கடைசியில் பிரித்தால், உள்ளே அந்த ஒற்றை முகக்கவசம். இதற்குள் "பெற்ற 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும்" என்ற அவர்களுடைய விதியில் நேரம் கடந்துவிட்டது.

அதன்பிறகு ஆரம்பித்ததுதான் அலைக்கழிப்பு. அரட்டைப் பெட்டியில் "உங்கள் பொறுமைக்கு நன்றி." மறுநாள், "பெருந்தொற்றுச் சூழல் காரணமாகப் பதில் தாமதமாகலாம்." இன்னுமா! பிறகு, பிரித்த உறையை அப்படியே திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு வெளிநாட்டு முகவரி. அனுப்பும் செலவு என் தலையில். முடியாது என்றதும் பேரம்: 10 சதவீதம் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளை? மறுத்தேன், 20 என்றார்கள். மறுபடி மறுத்தேன், என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

கூரியரில் கேட்டால், "எங்கள் பதிவில் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் இருக்கிறது மேடம்." வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம், கார்டு என்றால் தகராறு எழுப்பலாம்." விளம்பரம் ஓடிய தளத்தில் புகார் கொடுத்தேன். அந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று நாலே நிமிடத்தில் பதில். நாலு நிமிடத்தில் எந்த மனிதர் படித்தார்?

தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் ஒன்றும் புதுமையாக ஏமாறவில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2020இலேயே எச்சரித்திருக்கிறது, எதையெதையோ வாங்கியவர்களுக்கு அதற்குப் பதிலாக முகக்கவசம் வருகிறது என்று. மலிவாக எதையாவது அனுப்பி, ஒப்படைத்ததாக ஒரு பதிவு உண்டாக்குவதுதான் நோக்கம். பொருள் எதுவாக இருந்தாலும் அந்தப் பதிவுதான் அவர்களுக்குச் சாட்சி. பழைய சரக்கு போலிருக்கிறது, இன்னும் தீரவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தெம்பில்லை, நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். தெரியாத கடைக்கு வங்கிக் கணக்கில் நேரடியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். தள்ளுபடி என்று ஆசை காட்டுவதே அதற்குத்தான். எது வந்தாலும் அன்றே பிரியுங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். கூரியர் பதிவில் எடையைக் கேட்டு வாங்குங்கள். என் உறையின் எடை 100 கிராம்கூட இல்லை, எந்த நாற்காலி அவ்வளவு எடை இருக்கும்? அதை எழுத்தில் வாங்கித்தான் நேற்று காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: நான் புலம்பியதைப் பார்த்துவிட்டு "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் சிறு கட்டணம்" என்று ஒருவர் காலையில் செய்தி அனுப்பினார். அவரும் அதே குட்டைதான்.

இதைச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் திரையில் அதே நாற்காலி, அதே கிடங்கு, கடைக்கு மட்டும் புதுப் பெயர். 30 சதவீதம் தள்ளுபடியாம்.