"மரைன் பிளைவுட்தான் தம்பி" என்ற பேச்சை நம்பி ஏமாந்தேன்: டிரெய்லர் கட்டப் போகிறவர்கள் கவனிக்கவும்

ஒண்டாரியோவில் சொந்தமாகக் கேம்பிங் டிரெய்லர் கட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால், பலகையும் பசையும் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஏறக்குறைய 600 டாலரும் ஒரு கோடைகாலமும் போய்விட்டன.

எங்கள் கார் இழுக்கக்கூடிய எடை 1500 பவுண்டுதான். முக்கால் அங்குல பிளைவுட் ஒரு ஷீட்டே 60, 70 பவுண்டு வரும். அதே அளவில் 2 அங்குல நீல ஃபோம் (வீட்டுச் சுவரில் குளிர் தடுக்க வைக்கும் பலகை) பத்துப் பவுண்டைத் தாண்டாது. அதனால் ஃபோமை நடுவில் வைத்து, இரு பக்கமும் மெல்லிய பிளைவுட் ஒட்டிக் கூரையும் சுவரும் செய்யத் திட்டம். இப்படிச் செய்யும் பலகைக்குப் பலமே ஒட்டில்தான் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகப் பிடித்திருக்கும் வரை கையூன்றி அழுத்தினாலும் வளையாது. ஒட்டு விட்டால் மூன்றும் தனித்தனி, ஒவ்வொன்றும் தொய்யும்.

ஸ்காபரோவில் ஒரு சின்னக் கடையில் பொருள் எடுத்தேன். கடைக்காரர் தமிழர், பேச்சும் இதமாக இருந்தது. "மரைன் பிளைவுட்தான் தம்பி, மழையில கிடந்தாலும் ஒண்டும் செய்யாது. இந்தப் பசை எல்லாத்தையும் பிடிக்கும், ஃபோமையும் பிடிக்கும்" என்றார். படகு கட்டப் பயன்படும், ஈரம் தாங்கும் பிளைவுட்டைத்தான் மரைன் என்பார்கள். அதையும் ஒன்பது குழாய் பசையும் வாங்கினேன். ஃபோமில் கோடு கோடாகப் பசை விட்டு, உடனே பிளைவுட்டை வைத்து மூடினேன். அதனால் உள்ளே நடந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அல்கொன்குவின் பூங்காவில் முதல் இரவே மழை. காலையில் கூரை நடுவில் வீங்கியிருந்தது. தட்டிப் பார்த்தால் வெற்றுப் பெட்டி போலச் சத்தம். பிள்ளைகளைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தேன். பசை விட்ட இடமெல்லாம் விரல் அகலத்துக்கு ஃபோம் கரைந்து வாய்க்கால் போலக் கிடந்தது. நீல ஃபோம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் அதைத் தின்றுவிடும். ஃபோமில் பயன்படுத்தக் கூடாது என்று குழாயின் பின்புறம் பொடி எழுத்தில், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்டிருந்தது. நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கேட்டவனிடம் விற்பவர் பொய் சொல்லலாமா?

பிளைவுட்டும் மரைன் இல்லை. உண்மையான மரைன் பிளைவுட்டில் பிஎஸ் 1088 (பிரிட்டிஷ் தர எண்) என்பது போன்ற தர முத்திரை இருக்கும். என்னுடையதில் எதுவும் இல்லை. அது வீட்டுத் தரைக்கு அடியில் போடும் 5 மில்லிமீட்டர் ஷீட். மிச்சத் துண்டு ஒன்றைப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன். இருபது நிமிடத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. இந்தச் சோதனையை வாங்கும் முன்பே செய்யலாம். ஒரு துண்டு கேளுங்கள், ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். துண்டு தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போனபோது, "வெட்டின பலகையைத் திருப்பி எடுக்க மாட்டம்" என்று ஒரே வார்த்தை. பசைக்கும் பணம் கிடையாது. அன்று "தம்பி" என்று கூப்பிட்டவர் இன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் பணத்தைவிட வலித்தது.

இப்போது கூரையைப் பாலியூரித்தேன் பசையில் திரும்பச் செய்திருக்கிறேன். அது ஈரத்தில்தான் இறுகும். ஃபோமில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பசையை மெல்லியதாகப் பரப்பினேன். இறுகும்போது நுரைத்து பலகையைத் தூக்கும் என்பதால் மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். அதற்கும் முன் ஒரு துண்டு ஃபோமில் ஒட்டி, மறுநாள் பிய்த்துப் பார்த்தேன். ஃபோம்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு முறை எபாக்சி (இறுகியதும் தண்ணீரைத் தடுக்கும் பிசின்) பூசினேன். தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.

சுவர்களிலும் அதே பழைய பசைதான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அவற்றையும் பிரிக்கப் போகிறேன்.