ஆஸ்பிரினா, ஐபுப்ரோஃபெனா: ஒரே நொதி, இரு வகைத் தடை

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு, காசிமேட்டில் மீன் கூடை இறக்கும் பெரியவர் ஒருவர் மாதந்தோறும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வாங்க வருவார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். சென்ற மாதம் முழங்கால் வலிக்காக, பக்கத்து வீட்டில் வாங்கிவந்த வெற்று அட்டையை நீட்டி, "இதுவும் ஒரு அட்டை குடு தம்பி" என்றார். அது 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென்.

இரண்டும் காக்ஸ்-1 என்னும் ஒரே நொதியைத் தடுப்பவைதாம். அராக்கிடோனிக் அமிலம் அந்த நொதியின் குறுகிய குழாய்க்குள் நுழைந்தால்தான், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் த்ராம்பாக்ஸேன் என்னும் பொருள் உருவாகும். ஐபுப்ரோஃபென் அக்குழாயில் அமர்ந்து, சற்று நேரத்தில் வெளியேறிவிடும். கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவரைப் போல. ஏறக் காத்திருப்போர் பெருகினால் அவருக்கு இடம் கிடைப்பது அரிதாவதைப் போல, அமிலத்தின் செறிவு கூடக் கூட ஐபுப்ரோஃபெனின் பிடி தளரும்.

மைக்கேலிஸ், மென்டன் என்னும் விஞ்ஞானிகள் 1913-இல் வகுத்த சமன்பாடு இதற்குக் கணக்குத் தருகிறது. வினையின் உச்ச வேகம் வீமேக்ஸ். அதில் பாதி வேகம் கிடைக்கும் தளப்பொருள் (நொதி வினைபுரியும் பொருள்; இங்கே அராக்கிடோனிக் அமிலம்) செறிவு கேஎம். ஐபுப்ரோஃபென் போல இடத்துக்குப் போட்டியிடும் தடுப்பான் கேஎம்மை இரட்டிப்பாக்குவதாகக் கொண்டால், பழைய கேஎம் அளவுச் செறிவில் வேகம் 50 சதவீதத்திலிருந்து 33 ஆகக் குறையும். பத்து மடங்கு செறிவிலோ 91 என்பது 83 ஆவதோடு சரி. வீமேக்ஸ் மாறாது.

ஆஸ்பிரின் இருக்கையையே கழற்றிவிடும் ரகம். நொதியின் 529-ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் அசிட்டைல் தொகுதி என்னும் சிறு வேதித் துண்டை ஒட்டவைத்துவிடுகிறது. பாதி நொதி இவ்வாறு முடங்கினால், செறிவு எவ்வளவு ஏறினாலும் வேகம் பாதிதான். எஞ்சிய நொதியின் கேஎம் மாறாமலிருக்க, வீமேக்ஸ் சரிகிறது. ஆஸ்பிரினின் இரத்த அரைவாழ்வு 15 முதல் 20 நிமிடமே என்றாலும், உட்கருவற்ற தட்டணுவால் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள இயலாததால், அதன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுவதும் தடை நீடிக்கிறது. மற்ற செல்கள் நொதியை மீண்டும் ஆக்கிக்கொள்வதால், வலிக்கு இந்த நிரந்தரத்தால் பெரிய ஆதாயமில்லை. அங்கே ஐபுப்ரோஃபெனே மேல் என்பது என் கருத்து.

சிக்கல், இரண்டும் சேரும்போதுதான். ஐபுப்ரோஃபென் முதலில் குழாயை அடைத்துக்கொண்டால் ஆஸ்பிரின் செரினை எட்ட முடியாது; அது வெளியேறுவதற்குள் ஆஸ்பிரின் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எனவே, சாதாரண ஆஸ்பிரின் விழுங்கிக் குறைந்தது 30 நிமிடம் கழித்தோ, அதற்கு 8 மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவோதான் ஐபுப்ரோஃபென் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006-இல் அறிவுறுத்தியது.

பெரியவரின் ஆஸ்பிரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: 'காஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' என்றிருந்தது. குடலில் மெல்லக் கரையும் அவ்வகைக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது. இதய நோயாளிக்கு ஐபுப்ரோஃபெனே தனி ஆபத்து என்பது வேறு. தட்டணுவை அவ்வளவாகத் தொடாத பாரசிட்டமால் கொடுத்து, இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த இன்னொன்றை வாங்க வேண்டாம் என்றேன். "ஒரு மாத்திரைக்கு இவ்ளோ கணக்கா?" என்றபடி வெற்று அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.